‘நாங்கள்’ என்று எழுதிய இருவர்

முதுகலை வகுப்பில் தொல்காப்பிய அகத்திணையியல் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு நூற்பாவில் பாடம் நின்றுவிடும். பெண்ணோடு முந்நீர் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்று சொல்லும் நூற்பா அது. முந்நீர் என்பது கடல்தான் என்பார்கள் சிலர். ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவு என்று வேறு உரை சொல்வோரும் உண்டு. எந்த உரையை எடுத்தாலும் பெண் கரையில்தான் நிற்கிறாள். அதே அகத்திணையில் உடன்போக்கும் இருக்கிறது. தலைவனோடு பாலை வழியே நடந்துபோகும் தலைவியைப் பற்றி எத்தனையோ பாடல்கள். ஆனால் அவற்றில் நற்றாய் அழுவதும் செவிலி தேடுவதும் கண்டோர் பேசுவதும்தான் நம் காதில் ஓங்கிக் கேட்கின்றன. நடந்தவள் வழியில் எதைப் பார்த்தாள், எதற்குச் சிரித்தாள், எங்கே களைத்து உட்கார்ந்தாள் என்பது அவள் வாயிலிருந்து நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒரு தம்பதியின் பயண நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்கர்கள். மனைவி ஃபானி புல்லக் வொர்க்மன், கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மன். 1895இலிருந்து 1917வரை எட்டு நூல்கள். அல்ஜீரியா, ஸ்பெயின், இந்தியச் சமவெளி, பிறகு இமயமலையும் காரகோரமும். எல்லா அட்டைகளிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கும். சிலவற்றில் அவள் பெயர் முன்னே, சிலவற்றில் அவர் பெயர் முன்னே.

ஃபானி 1859இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவள். அப்பா அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், பெரும் பணக்காரர். வில்லியம் மருத்துவர், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவளை முதலில் மலைக்குக் கூட்டிப்போனது அவர்தான். உடல்நிலை சரியில்லை என்று அவர் தொழிலை விட்டதும் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. உடல்நிலை சரியில்லாத அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான மைல் சைக்கிள் மிதித்தார், 65 வயதில் பனியாற்றின் மேல் கூடாரம் அடித்துத் தூங்கினார் என்பது வேறு விஷயம்.

சைக்கிள் அப்போது புதிய வண்டி. இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, சங்கிலி போட்டு வந்த பாதுகாப்பு சைக்கிள் பெண்களை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோன கதையைப் பெண்ணிய வரலாறு நிறையவே எழுதியிருக்கிறது. அந்தக் கதையில் வழக்கமாக வருவது பூங்காவும் நகரச் சாலையும். வொர்க்மன் தம்பதி இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை நோக்கி மிதித்தார்கள். 1897இல் தொடங்கியது அந்தப் பயணம். இலங்கை, பர்மா, ஜாவா, இந்தோசீனா என்று அதோடு சேர்ந்த ஊர்களும் உண்டு. 1904இல் வந்த நூலின் துணைத்தலைப்பிலேயே 14,000 மைல் என்று கணக்கு இருக்கிறது. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின் இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, எழுதும் தாள், மருந்து, பஞ்சர் ஒட்டும் பொருள்கள். ஒரே நாளில் நாற்பது பஞ்சர்வரை ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பதற்காக ரயில் பாதையை ஒட்டியே போய், இரவில் ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் படுத்திருக்கிறார்கள். கொசு, எலி எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நம் ஊர் வழியாகப் போனவர்களாயிற்றே, நம் பெண்களைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்ற ஆவலோடு படிப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கோவில், சிற்பம், பழைய கட்டடக் கலை இவற்றில்தான் அவள் கண். கல்லில் இருக்கும் பெண்ணைப் பார்த்த அளவுக்குக் கல் சுமந்த பெண்ணைப் பார்க்கவில்லை. அல்ஜீரியாவில் பெண்கள் படும் பாட்டைக் கோபத்தோடு எழுதியவள்தான் இவளும்.

இந்த நூல்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது மலையல்ல, தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் இரண்டு இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். தம்பதியரின் பயண நினைவுகளைத் தமிழில் யாராவது மொழிபெயர்க்க உட்கார்ந்தால் வரிக்கு வரி இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வொர்க்மன் நூல்களின் சொல்லை நான் ‘நாங்கள்’ என்றுதான் மொழிபெயர்ப்பேன். அது இருவரைச் சுற்றிப் போட்ட வேலி. அந்த வேலிக்குள்ளும் ஒரு கணக்கு இருந்தது.

கணவனும் மனைவியும் சேர்ந்து போய்வந்த பயணத்தை ஊர் எப்படி நினைவு வைத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். அவர் போனார், மனைவியையும் கூட்டிப்போனார். எவ்வளவு நல்ல கணவன்! இந்த ஒரு வாக்கியத்தில் அவள் மிதித்த மைல் முழுவதும் அவருடைய நற்குணமாக மாறிவிடும். ஃபானி இதைத் தெரிந்துவைத்திருந்தாள். இருவரும் வேலையை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டு அவள் ஏற்பாடுகளையும் தலைமையையும் பார்த்துக்கொண்டால் அவர் அறிவியல் அளவைகளையும் படங்களையும் கவனிப்பார். அடுத்த முறை இது மாறும். 1911, 1912 கோடைகளில் நடந்த சியாச்சின் பயணத்துக்குத் தலைமை அவளுடையது. வரைபடத்தில் தன் முழுப்பெயரையும் போட வேண்டும் என்று அவள் கேட்டாள். தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் ஆசையால் அல்ல, இதைத் தொடங்கி நடத்தியது ஒரு பெண் என்பது பிற்காலப் பெண்களுக்கு அச்சில் தெரிய வேண்டும் என்பதற்காக என்று காரணமும் எழுதிவைத்தாள். அன்பான கணவன் உடனிருந்தும் இப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது. அவர் அவளிடமிருந்து எதையும் பறித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் பறிக்காவிட்டாலும் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க உலகம் தயாராக இருந்தது.

லண்டனின் ராயல் புவியியல் கழகத்தையே பாருங்கள். 1892-93இல் இருபத்திரண்டு பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தது 1913இல். இந்த இருபது ஆண்டுக்குள்தான் ஃபானியின் பெரிய பயணங்கள் எல்லாம் நடந்தன. 1905இல் அதே கழகத்தில் அவள் உரையாற்றினாள். இஸபெல்லா பேர்டுக்குப் பிறகு அங்கே உரையாற்றிய இரண்டாவது பெண். மேடை கிடைத்தது, உறுப்பினர் அட்டை கணவருக்குத்தான்.

அடுத்த ஆண்டு, 47 வயதில், காஷ்மீரின் நுன் குன் மலைத்தொகுதியில் பினக்கிள் சிகரம் ஏறினாள். 6,930 மீட்டர். தான் ஏறியது இன்னும் உயரம் என்றே அவள் கணக்குப் போட்டிருந்தாள். பெண்கள் ஏறிய உயரத்தில் அதுவே 1934வரை சாதனையாக நின்றது. முறியடித்தவர் ஹெட்டி டைரன்ஃபர்த், அவரும் கணவர் தலைமையில் வந்த பயணத்தில்தான் ஏறினார். கணவன் என்ற வழித்துணை இல்லாத பெண்ணுக்கு அந்த உயரம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஆனி ஸ்மித் பெக்கின் கதை இருக்கிறது. ஆனியும் அமெரிக்கர், மணமாகாதவர், செல்வம் இல்லாதவர். உரையாற்றியும் எழுதியும் காசு சேர்த்து 1908இல், 57 வயதில், பெருவின் ஹுவாஸ்கரான் மலையில் ஏறினார். அது 24,000 அடி இருக்கலாம் என்று அவர் சொன்னதும் ஃபானிக்குப் பொறுக்கவில்லை. தன் சாதனை போய்விடுமே! பிரெஞ்சு நில அளவையாளர்களைச் சொந்தச் செலவில் பெருவுக்கு அனுப்பி மலையை அளக்கவைத்தாள். செலவு 13,000 டாலர். ஆனி ஏறிய சிகரம் அவர் நினைத்ததைவிடத் தாழ்வானது என்று தெரிந்தது, ஃபானி ஜெயித்தாள். அந்தப் பணம் ஆனி கையில் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மலை ஏறியிருப்பார் என்று நினைக்காமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடியவில்லை. 1911இல் பெருவின் கொரோபுனா மலைமேல் ஆனி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பதாகையை நட்டார். அடுத்த ஆண்டே அதே கோரிக்கையை ஃபானி சியாச்சினில் விரித்துப் பிடித்தாள். ஒரே முழக்கம், இரண்டு மலை. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்தப் படத்தை வகுப்பில் காட்டுவேன். 1912. காரகோரத்தின் வெண்பனி மேடு, ஏறக்குறைய 21,000 அடி. 53 வயதுப் பெண் பாவாடையோடு நிற்கிறாள். பக்கத்தில் பனியில் குத்திவைத்த கோடரி. கையில் விரித்த தாள், அதில் பெண்களுக்கு வாக்கு என்ற பெரிய எழுத்துகள். அவளுடைய நாட்டில் பெண்கள் அனைவருக்குமான வாக்குரிமைத் திருத்தம் வர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. அந்தத் தாளைப் படிக்க மேலே ஒரு மனிதரும் இல்லை. படமாகக் கீழே வந்தபிறகு படிக்கப்படும் என்று தெரிந்தே அதை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இன்று அந்தப் பனியாற்றின் பெயர் நமக்குப் போர்ச்செய்தியாகத்தான் தெரியும். எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பனியாற்றைப் பற்றி ஒரு பெண் தலைமையில் போன குழு அளந்து எழுதிய புத்தகம் இருக்கிறது என்றால் மாணவிகள் நம்ப மறுக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “கோடரியையும் கூடாரத்தையும் அவ்வளவு மேலே தூக்கிட்டு வந்தது யார் மேடம்?”

தூக்கியவர்கள் அந்தப் படத்தில் இல்லை. அவர்கள் பால்டிகள், காரகோரத்தின் அடிவாரக் கிராமங்களிலிருந்து வந்த ஆண்கள். வொர்க்மன் நூல்களில் அவர்களுக்குப் பெயர் ‘கூலி’. ஆங்கிலத்துக்கு நம் கூலி என்ற சொல்லிலிருந்துதான் அது போனது என்பார்கள், குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து என்பாரும் உண்டு. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரும் ஊதியம். அங்கே போய் அது ஆளின் பெயராகிவிட்டது. கூலிகள் சோம்பேறிகள், பொய்யர்கள், பாதி வழியில் விட்டுவிட்டு ஓடுபவர்கள் என்ற புகார் அந்த நூல்களில் ஓயாமல் வருகிறது. குளிருக்குத் தக்க உடுப்பில்லாமல், எதற்காக என்று புரியாத உயரத்துக்குச் சுமை ஏற்ற மறுப்பது ஒருவனுடைய உரிமை என்று ஃபானிக்குத் தோன்றவே இல்லை. வாக்குரிமை கேட்டுத் தாளைப் பிடித்த அதே கை இதையும் எழுதியது. இதற்காக அவளைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் விருப்பமில்லை. அவளுடைய ‘நாங்கள்’ உள்ளே நியாயமாகவும் வெளியே கொடுமையாகவும் இருந்தது.

வேலிக்கு வெளியே இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் ரேச்சல் 1884இல் பிறந்தாள். இளையவன் சீக்ஃப்ரீட் 1889இல் பிறந்து 1893இல் இறந்துபோனான். நூல்களாக வந்த நீண்ட பயணங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. ரேச்சல் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் வளர்ந்தாள். பெற்ற மகளை விட்டுவிட்டு ஊர் சுற்றியவள் என்று ஃபானியைப் பழித்தவர்கள் உண்டு. அதே மகளுக்கு அப்பனும் ஒருவர் இருந்தார், அதே பனியில், அதே கூடாரத்தில். அவரை யாரும் அப்படிக் கேட்டதாக நான் படித்ததில்லை. ரேச்சல் பின்னாளில் நிலவியல் படித்து, 1919இல் லண்டன் நிலவியல் கழகம் முதன்முதலாகச் சேர்த்த பெண் உறுப்பினர்களில் ஒருவரானாள். அம்மா மலையின் மேலே ஏறினாள், மகள் பாறையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் கண்விழித்த செவிலியரின் பெயர்களைப் பயண நூல்களில் தேடுவது வீண். நம் உடன்போக்குப் பாடல்களிலாவது செவிலி பேசுகிறாள்.

1899இல் பியாஃபோ பனியாற்றுப் பயணத்தின்போது ஏறிய சிகரங்களுக்குத் தம்பதி பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு அவளுடைய பெயரையே வைத்து மவுண்ட் புல்லக் வொர்க்மன் என்றார்கள். இன்னொன்று, 18,600 அடி என்று அவர்கள் குறித்தது, சீக்ஃப்ரீட்ஹார்ன். நான்கு வயதில் போன மகனின் பெயர். அந்த மலைக்கு அங்குள்ளவர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்பது என் தலைமுறைப் பெண்ணியம். அதைக் கேட்டபிறகும் அந்தப் பெயரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை முதலில் சொன்னது அவளா, அவரா என்று நூல் பிரித்துச் சொல்லவில்லை. அந்த ஓர் இடத்தில் அவர்களுடைய ‘நாங்கள்’ முழுசாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃபானி 1925 ஜனவரியில் பிரான்சின் கான் நகரில் இறந்தாள். பிரின் மார், ராட்க்ளிஃப், ஸ்மித், வெல்லஸ்லி என்ற நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் எழுதிவைத்திருந்தாள். வில்லியம் இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்தார். வூஸ்டரின் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே நினைவுக்கல். இமயமலையின் முன்னோடி ஆய்வுப் பயணிகள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள், பன்மையில்.

அந்த மாணவிக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு தேடியதில் சியாச்சினை அளந்தவர்களில் கிராண்ட் பீட்டர்கினோடு சுர்ஜன் சிங் என்ற இந்திய அளவையாளரின் பெயர் கிடைத்தது. 1912இல் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்த வழிகாட்டியின் பெயர் கிடைத்தது: செனோஸ், இத்தாலியர். ஃபானி அந்தப் பிளவிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தாள். கோடரியைத் தூக்கிவந்தவரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அவள் இப்போது ஆய்வு மாணவி. போன வாரம் வந்து, அந்தப் புத்தகத்தின் படங்களை மட்டும் தனியே நகலெடுத்துக்கொண்டு போனாள்.