பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பு: நினைவுகூரல்

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளையின வெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைச் சேர்ந்தோர் வைத்த குண்டு வெடித்து, கறுப்பினச் சிறுமியர் நால்வர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. இவர்களை நினைவுகூர்வதில் எளிய மக்கள் முந்தினர், அரசு பிந்தியது. கடல் கடந்த வேல்ஸ் நாட்டினர் சிறுகச் சிறுகக் காசு திரட்டி, கறுப்பினக் கிறிஸ்துவைச் சித்திரித்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை 1965இல் அத்தேவாலயத்துக்கு அளித்தனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமோ 2013இல்தான் வந்தது. வழக்கு முடியாமல் அரசு எப்படிப் பேசும் என்று கேட்கலாம். குற்றவாளிகள் மூவருக்கு 1977, 2001, 2002 ஆண்டுகளில்தான் தண்டனை கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் கொலையாளி யார் என்பதற்குத்தான் தீர்ப்பு வேண்டும். இறந்த பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்பதற்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை.

எப்போது நினைவுகூர்வது என்பதைவிட, யாரை நினைவுகூர்வது என்பது கடினமான கேள்வி. அதே நாளில் நகரின் வேறிடங்களில் கறுப்பினச் சிறுவர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவனைச் சுட்டது காவலர் துப்பாக்கி. ஆலயத்தில் இறந்தோருக்கே ஆலய நினைவுச்சின்னம் என்பது பொருந்தாத வாதம். ஆறு பேரையும் கொன்றது ஒரே வெறுப்பு. தேவாலயத்துக்கு எதிரிலுள்ள கெல்லி இங்ரம் பூங்காவில் 2013இல் நிறுவப்பட்ட சிலைத்தொகுதியில் சிறுமியர் நால்வர். அவர்களில் ஒருத்தி பறக்கவிடும் புறாக்களோ ஆறு. இறந்தோர் மட்டுமல்ல, உயிர்தப்பியோரும் காத்திருக்க நேர்ந்தது: குண்டுவெடிப்பில் ஒரு கண்ணை இழந்து உயிர்தப்பிய சிறுமியிடம் மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.