பொறியா, சாறா?

நம் நரம்பு மண்டலம் ஒரே வலையல்ல, தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்பதை ஸ்பெயினின் ரமோன் இ கஹால் நிலைநாட்டிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஓர் அணுவும் அடுத்ததும் சந்திக்கும் இடத்துக்கு 1897இல் இங்கிலாந்தின் ஷெரிங்டன் சினாப்ஸ் என்று பெயர் வைத்தார். ஆக்சான் என்னும் நரம்பணுவின் நீண்ட இழை வழியாக ஓடிவரும் மின்துடிப்பு, முனைக்கு வந்தபின் அந்தச் சந்தியை எப்படிக் கடக்கிறது? மின்பொறியாகத் தாவுகிறது என்றார்கள் ஒரு சாரார். ஏதோ ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்றார்கள் மற்றவர்கள். இந்தச் சண்டை முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி 1921இல் செய்த சோதனை மிக எளிமையானது. இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அந்தக் கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பு சுரந்த ஏதோ ஒன்று கரைசலில் கலந்திருந்தது. அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெளிவாயிற்று. லண்டனின் ஹென்றி டேலுடன் 1936இல் லோவி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

யூதரான அவரை 1938இல் நாஜிகள் கைது செய்தார்கள். தன் பரிசுப் பணத்தை அவர்கள் காட்டிய வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே அவரால் நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. ஓர் ஆய்வாளருக்கு ஓர் அரசு இதைவிடக் கேவலமான கைம்மாறு செய்ய முடியாது.

இதயம் மெதுவான உறுப்பு, அங்கே வேதிப்பொருள் போதும். மூளையிலும் தண்டுவடத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எல்லாம் முடிகிறதே, அங்கே மின்சாரம்தான் என்று வாதாடினார் ஆஸ்திரேலியரான ஜான் எக்கிள்ஸ். இவர் ஷெரிங்டனின் மாணவர். கூட்டங்களில் டேலும் எக்கிள்ஸும் கடுமையாக மோதிக்கொள்வார்கள். வெளியே வந்தால் நண்பர்கள்.

நியூசிலாந்துக்கு எக்கிள்ஸ் வேலைக்குப் போனபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரைச் சந்தித்தார். ஒரு கொள்கை பொய்யாகிப்போவதில் அவமானம் ஏதுமில்லை, அது எங்கே உடையும் என்று துல்லியமாகச் சொல்லி நீங்களே சோதித்துப் பாருங்கள் என்பது பாப்பர் தந்த அறிவுரை. எக்கிள்ஸ் அப்படியே செய்தார். டனீடின் நகரில் 1951 ஆகஸ்டில், மயிரிழையைவிட நுண்ணிய கண்ணாடி மின்முனையை ஒரு பூனையின் தண்டுவட நரம்பணுவுக்குள் செலுத்தினார்கள். அந்த அணுவை அடக்கும் நரம்பைத் தூண்டினால் உள்ளே மின்னழுத்தம் மேலே ஏற வேண்டும் என்றது எக்கிள்ஸின் கொள்கை. அது கீழே இறங்கியது. பல்லாண்டு காத்த கொள்கையை அவர் கைவிட்டு, வேதிக்கட்சிக்கு வந்துவிட்டார். இந்தத் தொடரில் நாம் சந்தித்த கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும்விட இந்த நேர்மையையே நான் மேலானதாகக் கருதுகிறேன். 1963இல் நோபல் பரிசு அவரையும் தேடி வந்தது.

மிச்சத்தை விளக்கியவர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1935இல் தப்பி லண்டன் வந்த பெர்னார்ட் காட்ஸ். எந்தத் தூண்டலும் இல்லாத தசையில்கூட ஒரே அளவான சின்னஞ்சிறு மின்னசைவுகள் வந்துகொண்டே இருப்பதை அவரும் பால் ஃபாட்டும் கவனித்தார்கள். அப்படியானால் வேதிப்பொருள் ஆக்சான் முனையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகத்தான் வெளிப்படுகிறது! மின்துடிப்பு வந்ததும் முனைக்குள் கால்சியம் புகுகிறது. பொட்டலங்கள் சவ்வோடு ஒட்டி உடைகின்றன. உள்ளிருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவின் ஏற்பிகளில் அமர்கிறது. 1950களில் மின்னணு நுண்ணோக்கி அந்தப் பொட்டலங்களைக் கண்ணுக்கே காட்டிவிட்டது. பொறிக்கட்சியும் முழுதாகத் தோற்கவில்லை. நேரடியாக மின்சாரம் பாயும் சினாப்ஸ்களும் உண்டு என்பது 1959இல் நன்னீர் இறால் ஒன்றில் உறுதியாயிற்று.

தசையை அடைந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்தாக வேண்டும். இல்லையேல் மூச்சுத் தசைகள் முடங்கிவிடும். அந்த நொதியையே செயலிழக்கச் செய்யும் நஞ்சை, லோவி பரிசு பெற்ற அதே 1936 டிசம்பரில், பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஒருவர் தயாரித்தார். டாபூன் என்ற அந்த நஞ்சின் கதை அடுத்த வாரம்.