கயிறு பிடித்த கை: முத்துக்குளிப்பிலிருந்து ஸ்கூபா வரை

அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய கொள்கலனை முதுகில் சுமந்து, ‘ரெகுலேட்டர்’ எனப்படும் மூச்சுச் சீராக்கியை வாயில் கவ்வி நீரடியில் உலவும் முறையே ஸ்கூபா. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புதுச்சேரியிலும் இதைக் கற்பிக்கும் நிலையங்கள் தோன்றிய பிறகு, சிட்லபாக்கம், தாம்பரம் போன்ற புறநகர்களின் இளைஞர்களுக்கும் கடலடி எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. ஆனால், ஒருவரை மூழ்கப் பழக்குவது தமிழகக் கடற்கரைக்கு வெளியிலிருந்து வந்த கலையன்று. தொடக்கப் பயிற்சியின் தரம் எதில் அடங்கியிருக்கிறது என்ற இன்றைய கேள்விக்கு, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு வரலாறு தெளிவான விடையொன்றை வைத்திருக்கிறது.

அவ்வரலாற்றின் தொடக்கம் பெருமைக்குரியதாக இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. மூழ்குதல் அன்று உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகவே மதிக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காட்டும் சித்திரமோ வேறு. ஏப்ரல் முதல் மே மாத நடுப்பகுதிவரை நடந்த குளிப்புக்கு வணிகர்கள் கூலி பேசி ஆள் அமர்த்தினர். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன. ‘கடல்கட்டி’ என்று தமிழில் அழைக்கப்பட்ட இந்த மந்திரக்காரரை மூடநம்பிக்கையின் எச்சமாக மட்டும் பார்ப்பது சரியாகாது. அச்சத்தோடு இறங்குபவன் மூச்சை விரைவில் இழப்பான். மனம் அமைதியுற்றவன் கூடுதலாக நீடிப்பான். குளியாளின் அச்சத்தைத் தணிப்பதற்கென்றே ஒருவருக்கு ஊதியம் தந்த ஏற்பாடு, பயிற்சியின் உளவியல் பக்கத்தை அக்காலத்தவர் உணர்ந்திருந்ததையே காட்டுகிறது.

குளிப்பின் செய்முறையை ஐரோப்பியர் காலக் குறிப்புகள் விரிவாகத் தருகின்றன. ‘பார்’ என்பது சிப்பிகள் படிந்து வளரும் கடலடிப் பாறைத் திட்டு. அது பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் சென்றால், ஒரே நேரத்தில் ஐவரே இறங்கினர். மற்ற ஐவர் மேலே இளைப்பாறினர். கயிற்றில் கட்டிய பதினைந்து கிலோ அளவுள்ள கல்லின்மேல் கால் வைத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு அடிக்குச் சென்ற குளியாள், ஒரு நிமிடத்தையொட்டிய நேரத்துக்குள் சிப்பிகளை வலைப்பையில் வாரிப்போட்டுக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவான். மேலே அக்கயிற்றைப் பிடித்திருப்பவர் வேறெந்த வேலையிலும் கவனம் செலுத்துவதில்லை. கயிறு பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தானாக, மைத்துனனாக, இருக்க வேண்டும் என்பது கடற்கரையில் வழங்கிவரும் மரபு. தன் சகோதரி கைம்பெண்ணாவதை அவன் ஒருபோதும் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பரதவர் குடும்பங்களிலும் கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களிலும் இத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. அதற்குப் பள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குளியாளுக்கும் மேலே ஒருவர் முழுப் பொறுப்போடு நின்றார்.

இத்தொழில் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது என்பதை இலங்கைப் பக்கத்தில் 1905ஆம் ஆண்டு நடந்த குளிப்பு காட்டும். அவ்வொரு பருவத்தில் மட்டும் எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழகப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடந்தவையே கடைசிப் பெருங்குளிப்புகள்.

அதே காலத்தில்தான் புதிய கருவி இங்கு வந்தது. பிரான்ஸில் 1943இல் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய ‘அக்வா லங்’ மூச்சுக்கருவி, 1950களின் பிற்பகுதியில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வல்லுநர் பாஸ்கியேரி சல்வதோரி நடத்திய பார் ஆய்வுகளின் வழியே மன்னார் வளைகுடாவில் அறிமுகமாயிற்று. அவரைத் தொடர்ந்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக் கடலடியைத் தாமே மூழ்கிக் கண்டு எழுதினர்.

இக்கருவி குளிப்பின் அடிப்படை விதியையே தலைகீழாக்கியது. மூச்சை அடக்குவதே முத்துக்குளிப்பவனின் திறமை. ஸ்கூபாவிலோ மூச்சை அடக்குவதே முதல் குற்றம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால், அங்கே உள்ளிழுத்த காற்று மேலே வரும்போது இருமடங்கு விரியும். வாயை மூடிக்கொண்டு எழுபவரின் நுரையீரல் கிழியக்கூடும். நீண்ட நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். படிப்படியாக மேலேறினால் இதைத் தவிர்க்கலாம் என்று ஹால்டேன் குழுவினர் 1908இலேயே அட்டவணைகளோடு நிறுவினர். எனவே பரம்பரைத் திறன் உள்ளவருக்கும் இக்கருவியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் தூத்துக்குடியில் சங்கு குளிப்போர், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று மணிக்கணக்கில் ஆழத்தில் இருக்கத் தொடங்கியபோது, அந்தக் கற்பித்தல் நிகழவில்லை. கருவி சந்தையில் கிடைத்தது, அதற்குரிய அறிவு கிடைக்கவில்லை; முடங்கிய கால்களும் இறப்புகளும் அதன் விலையாயின. தமிழ்க் கடற்கரையின் அண்மைக்கால வரலாற்றில் இது வெட்கப்பட வேண்டிய பகுதி.

பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு எழுத்துவடிவ நெறிகள் உண்டு. 1959இல் தோன்றிய ‘சிமாஸ்’, 1966இல் தோன்றிய ‘பாடி’ போன்ற அமைப்புகள் பாடத்திட்டங்களை வகுத்தன. பாடியின் தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீச்சல், பத்து நிமிட மிதப்பு, நீச்சல்குளம் போன்ற அடங்கிய நீரில் பயிற்சிகள், பிறகு திறந்த கடலில் நான்கு மூழ்குதல்கள் ஆகியவை வேண்டும். முகக்கவசத்துள் புகுந்த நீரை வெளியேற்றுவதும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்பதும் பதற்றமின்றிச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். சான்றிதழ் தராத ஒருநாள் அறிமுக மூழ்குதல் வேறு. அதற்கு 12 மீட்டரே எல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலும், பாடத்திட்டத்தை இரண்டு நாளில் அடைத்துத் திணிப்பதாலும் தரம் சரிகிறது. சிட்லபாக்கத்துக்கு அருகே, பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தைச் சோதனைமேல் சோதனையாக உருவாக்கிவருகிறது. பத்து மீட்டர் ஆழத்துக்கு முதன்முறை இறங்கும் ஒருவருக்கும் அதே மனப்பான்மையோடு கூடிய கவனம் உரியதே.

அன்று கயிறு பிடித்தவர் ஏற்ற பொறுப்பு இன்று பயிற்றுநருடையது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார், குளத்தில் எத்தனை முறை பழக்குகிறார், கடல் கலங்கியிருந்தால் பயணத்தை நிறுத்துவாரா, முதலுதவி ஆக்சிஜன் படகில் இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் படகில் ஏறாதீர்கள்.