பார்ஜ் நிற்கும் இரவுகள்: பாலத் தகர்ப்புக் காலத்தில் ஆற்றுப் போக்குவரத்து

2019 ஜனவரி 15ஆம் தேதி காலை 11 மணிக்குச் சற்று முன், நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றில் பழைய டாப்பன் ஸீ பாலத்தின் கிழக்குப் பக்கக் கண் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜனவரி 12க்குத் திட்டமிட்டிருந்த வேலை. காற்று வலுத்ததால் தள்ளிப்போயிற்று. கடலோரக் காவல்படை பாதுகாப்பு வளையம் அமைத்துப் படகுகளை விலக்கியிருந்தது. பக்கத்தில் இருந்த புதிய பாலத்தில் வண்டிகளும் நிறுத்தப்பட்டன. சில நொடிகளில் அந்த இரும்புச் சட்டகம் நீரில் சரிந்தது. யாருக்கும் காயமில்லை.

பாலம் இடிக்கும்போது ஆற்றில் செல்வோருக்கு ஆபத்து எப்போது மிகுதி என்று கேட்டால், பலரும் இந்தக் கணத்தைத்தான் சொல்வார்கள். என் வாதம் நேரெதிர். வெடி வைக்கும் நாள்தான் ஆற்றின் மிகப் பத்திரமான நாள். ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் நீளும் சாதாரண இரவுகளில் இருக்கிறது. கிரேன்களையும் கழற்றிய இரும்பையும் சுமந்துகொண்டு பார்ஜ்கள் என்னும் தட்டையான மிதவைகள் இருட்டில் அசையாமல் நிற்கும் இரவுகள் அவை. அனுமதி விதிகளும் எச்சரிக்கை முறைகளும் அந்த ஒரு நாளைக் குறிவைத்தே கூர்மையாகின்றன. இரவுகளுக்கு அந்தக் கூர்மை கிடைப்பதில்லை.

டாப்பன் ஸீ இந்த வாதத்துக்குப் பொருத்தமான களம். 1955இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம். கடல் ஏற்றவற்றம் அங்கிருந்து வெகுதூரம் வடக்கே, டிராய் அணை வரை எட்டுகிறது. ஆகவே நீரோட்டம் நாளுக்குச் சில முறை திசை மாறும். ஆறு எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஆல்பனி துறைமுகம் வரை செல்லும் ஆழமான கப்பல் தடம் ஒன்றே. அது பழைய பாலத்தின் நடுக்கண்ணுக்குக் கீழே போயிற்று. எண்ணெய் பார்ஜும் சரக்குக் கப்பலும் அந்த ஒரு வாசலில்தான் நுழைய வேண்டியிருந்தது.

2017 அக்டோபரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. துண்டு துண்டாகக் கழற்றி, மிதக்கும் பெரிய கிரேனால் தூக்கி இறக்குவதுதான் முதல் திட்டம். 2018 செப்டம்பரில் கிழக்குக் கண்ணின் சட்டகத்தில் பலத்த ஓசை கேட்டது. அது நிலைகுலைந்திருப்பது தெரிந்தது. மேலே ஆளை ஏற்றுவது ஆபத்து என்பதால் வெடி வைக்க முடிவாயிற்று. மேற்குப் பக்கக் கண்ணோ 2019 மே மாதம் ஜாக்கிகளால் மெல்ல மெல்ல பார்ஜின் மேல் இறக்கப்பட்டது. ஒரே பாலம், இரண்டு முறைகள். கப்பல் தடத்தின் மேல் இருந்த நடுப்பகுதியை முன்பே அகற்றிவிட்டதால் வெடித்து விழுந்த இரும்பு தடத்தை அடைக்கவில்லை. அது விழும் இடத்தில் ஆற்றுப் படுகையில் முன்கூட்டியே சங்கிலிகள் விரித்திருந்தார்கள். அள்ளித் தூக்குவதற்கான ஏற்பாடாகத்தான் இதைச் சொல்வார்கள். எனக்கு இது போக்குவரத்து ஏற்பாடாகவும் படுகிறது: நீருக்கடியில் முழுக்காளிகள் செய்யும் வேலை குறைந்தால், மேலே கிரேன் பார்ஜ் நிற்கும் நாட்களும் குறையும்.

இனி உயிரிழப்புகள். 2013 ஜூலை 26 இரவு, பாலத்துக்கு அருகே நிறுத்தியிருந்த கட்டுமான பார்ஜ் ஒன்றில் ஒரு சிறு விசைப்படகு மோதியது. இருவர் இறந்தனர், ஒருவர் சில வாரங்களில் மணமாகவிருந்த பெண். படகை ஓட்டியவர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016 மார்ச் 12 விடியுமுன், மிதக்கும் கிரேன் ஒன்றை மூன்று இழுவைப்படகுகள் ஆல்பனி பக்கமிருந்து கீழே கொண்டுவந்தன. அவற்றுள் ஒன்றான ‘ஸ்பெஷலிஸ்ட்’ பாலத்தருகே நின்ற பார்ஜில் மோதி மூழ்கியது. அதிலிருந்த மூவரும் இறந்தனர். ஆட்கள் போதாமல் மாலுமிகள் களைத்துப்போனதே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது.

இந்த விபத்துகளைச் சான்றாகக் காட்டினால் இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: இரண்டும் புதிய பாலம் கட்டும்போது நடந்தவை, பழையதை இடிக்கும்போது அல்ல. உண்மைதான். ஆனால் ஆற்றில் நிற்கும் பொருளைப் பொறுத்தவரை கட்டுவதற்கும் இடிப்பதற்கும் வேறுபாடு சிறிது. அதே பார்ஜ்கள், அதே கிரேன்கள், அதே தடம். இடிக்கும்போது பார்ஜ்கள் இன்னும் அடிக்கடி இடம் மாறும் என்பதால் நிலைமை கடினமாகிறதே தவிர எளிதாவதில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: ஒன்றில் ஓட்டியவரின் தவறு, மற்றதில் மாலுமிகளின் களைப்பு, நின்ற பார்ஜ் என்ன செய்யும்? யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஆற்றை நிர்வகிப்பவர் கேட்க வேண்டியது வேறு: களைத்தவரும் கவனம் தவறியவரும் அந்த வழியே வரத்தான் போகிறார்கள் என்று தெரிந்தபின், பார்ஜை எப்படி நிறுத்துவது?

அசையாமல் நிற்கும் பார்ஜ் ஏன் கண்ணுக்குத் தப்புகிறது? வேலை பார்ஜ்கள் பலவற்றுக்கு நங்கூரம் இல்லை. நீண்ட இரும்புக் கால்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தாழ்வாக, கறுப்பாக இருக்கும். ரேடாரில் பார்த்தால் பாலத்தின் தூண்களும் சட்டகமும் பெரிய வெள்ளைப் பட்டையாக எதிரொலிக்கும். தூணை ஒட்டி நிற்கும் பார்ஜ் அந்தப் பட்டையோடு ஒட்டிப்போகும். சுயமாக ஓடாத பார்ஜ் என்பதால் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவியும் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்திலோ அது இருக்கவே முடியாது. நேற்று மூன்றாம் தூணருகே நின்றது இன்று ஏழாம் தூணருகே நிற்கும்.

எச்சரிக்கை முறையின் தாளம் இதற்கு ஈடுகொடுப்பதில்லை. மாலுமிகளுக்கான உள்ளூர் அறிவிப்பு அந்த விபத்துகளின் காலத்தில் அமெரிக்காவில் வாரம் ஒருமுறை வந்தது. அவசரமானால் வானொலியில் அறிவிப்பார்கள். பார்ஜோ ஒரே பணிநேரத்தில் இருமுறை நகரலாம். 2013ஆம் ஆண்டிலேயே டாப்பன் ஸீ பகுதியைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட நீர்ப்பகுதியாகக் கடலோரக் காவல்படை அறிவித்தது. அலை எழாத வேகத்தில் போக வேண்டும் என்றும் விதித்தது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் அது எல்லையைச் சொல்கிறது, எல்லைக்குள் இன்றிரவு எது எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. 2016 விபத்து அந்த ஏற்பாடு நடப்பில் இருந்தபோதுதான் நிகழ்ந்தது.

அப்படியானால் ஆற்றையே மூடிவிடலாமே? இந்தக் கேள்விக்கு அமெரிக்கத் துறைமுக நகரான பால்டிமோர் விடை தந்தது. 2024 மார்ச் 26 அதிகாலை ‘டாலி’ என்ற கொள்கலன் கப்பல் மோதி, படாப்ஸ்கோ ஆற்றின் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தனர். அங்கே யாரும் மூடாமலே தடம் மூடிக்கொண்டது; துறைமுகமே முடங்கியது. ஒரு வாரத்துக்குள் 11 அடி ஆழமுள்ள தற்காலிகத் தடம் திறக்கப்பட்டது, அதுவும் மீட்பு வேலைக்கு வேண்டிய படகுகளுக்கு முதலிடம் கொடுத்து. அடுத்தது 14 அடி. ஏப்ரல் 25இல் 35 அடித் தடம் திறந்ததும், உள்ளே சிக்கியிருந்த சில கப்பல்கள் பைலட்டோடும் துணை இழுவைப்படகுகளோடும் வெளியேறின.

சில நாட்களில் அந்தத் தடத்தை மறுபடி மூடினார்கள். டாலியின் முகப்பில் கிடந்த பாலத் துண்டை வெட்டி அகற்ற கிரேன்களுக்கு இடம் வேண்டியிருந்தது. மே 13இல் சிறு வெடிகளால் அந்தத் துண்டு வெட்டப்பட்டபோது கப்பலின் 21 மாலுமிகளும் கப்பலிலேயே இருந்தனர். 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். மே 20இல் ஏற்ற நீரில் டாலி நகர்த்தப்பட்டது. ஜூன் 10இல் 700 அடி அகலம், 50 அடி ஆழத்தோடு முழுத் தடமும் மீண்டது. ஏறக்குறைய 50,000 டன் இடிபாடு அள்ளப்பட்டிருந்தது.

திறந்ததை மீண்டும் மூடியதுதான் இதில் கவனிக்கத்தக்கது. வணிகர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் இடிக்கும் வேலையும் கப்பலும் ஒரே நீரில் ஒரே நேரத்தில் உரசவில்லை. இன்று கப்பலின் முறை, நாளை கிரேனின் முறை என்று பிரித்துக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம், இருவகை முடிவும் ஒரே கூட்டுக் கட்டளை அமைப்பில் எடுக்கப்பட்டதுதான். சாதாரணப் பாலத் தகர்ப்பில் நடப்பது வேறு. பார்ஜ் எங்கே நிற்கும் என்பதைக் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் முடிவு செய்கிறார். கப்பல் எப்போது வரும் என்பதை அதன் உரிமையாளர் முடிவு செய்கிறார். இருவரும் வானொலியில் சந்தித்துக்கொண்டால் உண்டு. பேரிடர் நேர்ந்தபின் அமையும் ஒழுங்கு, திட்டமிட்டுச் செய்யும் வேலையில் அமையாமல் இருப்பது விந்தை.

நான் கேட்பது சுமை மாற்றம். இன்றைய நடைமுறையில் பார்ஜ் எங்கே நிற்கிறது என்று கண்டறியும் பொறுப்பு, வந்து கடப்பவர் தலையில் விழுகிறது. அதை நிறுத்தியவர் தலைக்கு மாற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு பார்ஜின் இரவு இருப்பிடத்தையும் காவல்படையின் துறைமுக அதிகாரிக்குத் தராத ஒப்பந்ததாரருக்கு, அதைத் தடத்தருகே விட்டுவைக்க உரிமையில்லை என்று அனுமதியிலேயே எழுதலாம். இருப்பிடம் ஒலிபரப்பும் கருவியை பார்ஜிலும் பொருத்தச் சொல்லலாம். தகர்ப்புச் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு பேசும் அளவுக்குக்கூட வராது. பெரும் இழுவைத் தொடர்கள் நீரோட்டம் பின்னிருந்து தள்ளும் நேரத்தில் பாலத்தைக் கடக்காமல், எதிரோட்டத்திலோ ஓட்டம் அடங்கிய நேரத்திலோ கடக்கும்படி நேரம் ஒதுக்குவது இன்னும் கடினம். ஏற்றவற்ற அட்டவணை கையில் இருக்கும்போது அது முடியாத வேலையும் அல்ல.

இத்தனை செய்தாலும் 2013ஆம் ஆண்டின் படகு போன்றவற்றுக்கு எதுவும் எட்டாது. உல்லாசப் படகுக்காரர் அறிவிப்பைப் படிப்பதில்லை. பலரிடம் வானொலி இருந்தாலும் கேட்பதில்லை. அவர்களுக்கு விளக்கு ஒன்றே வழி. நிறுத்திய பார்ஜின் முனைகளில் ஒரு கடல் மைல் தூரம் தெரியும் வெள்ளை விளக்குகளை அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகள் கேட்கின்றன. தெளிந்த இருட்டில் அது போதும். பின்னால் கரை நகரத்தின் விளக்குகளும் புதிய பாலத்தின் விளக்குகளும் எரியும்போது, இரண்டு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே நீண்ட இரும்புச் சுவர் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. விளக்கை மட்டும் காட்டிப் பயனில்லை. சுவரையே வெளிச்சத்தில் காட்ட வேண்டும். பக்கவாட்டு நெடுகிலும் நீர்மட்டத்தை நோக்கி ஒளி விழும்படி விளக்கு அமைப்பதையும், தகடுகளில் ஒளி எதிரொளிக்கும் பட்டை ஒட்டுவதையும் தகர்ப்பு ஒப்பந்தத்தின் அளவைப் பட்டியலில், வெடிமருந்துக்கு எழுதுவதைப் போலவே தனி வரியாக, தனி விலையோடு சேர்க்க வேண்டும். விலை குறிக்காத பாதுகாப்பு வேலையைத்தான் ஒப்பந்ததாரர் முதலில் கைவிடுவார்.