மருந்துக் கடையில் பெட்ரோல்

உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: ஒரு மருந்துக் கடை!

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்கிற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மோட்டார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இரண்டு பையன்களோடு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டர் தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்துபோச்சு. வீஸ்லோக் என்ற சின்ன ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

பெட்ரோலின் வெற்றி ரகசியம் இதில்தான் இருக்கிறது. டின்னில் அடைத்து எந்தக் கடையிலும் வைத்துவிடலாம். மின்சாரத்தை அப்படி வைக்க முடியுமா?

இத்தனைக்கும் ஆரம்பத்தில் பெட்ரோல் காரை முந்தி நின்றது மின்சாரக் கார். 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் 1,575. பெட்ரோல் வெறும் 936! ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது மின்சாரக் கார்தான். (வீட்டுக்காரரோ ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருந்தார்!)

நியூயார்க்கில் மின்சார டாக்ஸி ஷெட்டுக்குள் நுழைந்தால், தீர்ந்த பேட்டரியை இறக்கிவிட்டு, சார்ஜ் ஏறியதை மாட்டிச் சில நிமிடங்களில் அனுப்பினார்கள். ஹார்ட்ஃபோர்டு நகரத்தின் மின் கம்பெனி 1910-களில் இன்னும் ஒருபடி மேலே போனது. வண்டியை மட்டும் நீங்கள் வாங்கினால் போதும். பேட்டரி கம்பெனியுடையது. ஓடிய மைலுக்குக் காசு! காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் அந்த மேனேஜருக்கு ஒரு சலாம்.

ஆனால் எல்லாம் நகரத்துக்குள். ஊர் எல்லையைத் தாண்டினால் மின்கம்பமே கிடையாது. 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட். 1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்துவிட, மின்சாரக் காரின் கதை ஏறக்குறைய முடிந்தது.

இப்போது நம்ம ராஜபாளையத்துக்கு வாங்க. இங்கே கதை தலைகீழ். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பஞ்சாலை தொடங்கினார். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூரின் எம்.பி. ஆனவர் காமராஜர், அவர் முதல்வரான பிறகு கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். கரண்ட் முதலில் வந்துவிட்டது, கார்தான் தாமதம். அப்புறம் என்ன தடை?

2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சகம், காருக்கு சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, சேவைதான்; லைசென்ஸ் வேண்டாம் என்றது. அதே டிசம்பரில் வழிகாட்டு நெறி வந்தது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம். முதல் கட்டம் 40 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்கள். அடுத்து மாநிலத் தலைநகரங்கள். 2023-ல் தமிழக அரசின் கொள்கை ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக்க எடுத்துக்கொண்டது. மதுரை உண்டு, திருநெல்வேலி உண்டு. நடுவில் இருக்கிற இரண்டு ஊர்களும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுசாக வராது. 25 கிலோமீட்டர் ஸ்கேலை வைத்தால், ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒன்று போதும்! ஆடிப்பூரத் தேரோட்டத்தன்றும், குற்றால சீசனிலும் அந்தச் சாலையில் வந்து பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

போர்டிகோ உள்ள வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. பதினைந்து ஆம்பியர் பிளக் போதும். ரதவீதிக்குப் பின்னால் ஒட்டு வீட்டில் குடியிருப்பவர்? ஜன்னல் வழியாகத் தெருவுக்கு ஒயர் இழுக்கவா முடியும்? வாடகைக் கார் ஓட்டுகிறவரின் கணக்கு இன்னும் கடுசு. சார்ஜுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரம், அவருக்கு ஒரு சவாரி நஷ்டம்.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது. வேக சார்ஜர் வைத்தால், கார் வந்தாலும் வராவிட்டாலும் மின்வாரியத்துக்கு நிலைக்கட்டணம் கட்டியாகணும். 'கார் வரட்டும், வைக்கிறேன்' என்கிறார் இவர். 'வையுங்க, வாங்குறோம்' என்கிறார்கள் அவர்கள்.

பெட்ரோலுக்கு ஒரு மருந்துக் கடை கிடைத்தது. அதற்கென்று தனிக் கட்டடம் கட்டவில்லை, தனி ஆள் போடவில்லை. இங்கே அந்த வேலைக்கு யாரைப் பிடிக்கலாம்? வேக சார்ஜரில் அரை மணி, முக்கால் மணி நேரம் நின்றாக வேண்டும். அவ்வளவு நேரம் ஆளை உட்கார வைக்க, எனக்குத் தெரிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பண்டம்தான் இருக்கிறது. பால்கோவாக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "மாசத்துக்கு எத்தனை கார் வரும்?" என்பார். அந்த நம்பரைத்தான் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.