அபயம் அளித்தோர் (திண்டுக்கல் சீமை)

துரத்தப்பட்டு வந்தவரைத் தம் உயிருக்கு நேரக்கூடிய அபாயத்தையும் பொருட்படுத்தாது மறைத்துக் காத்த குடிமக்கள் அபயம் அளித்தோர் எனப்படுவர். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், பிரான்சு தேசத்து லெ ஷாம்போன் என்னும் மலைக் கிராமத்துக் குடியானவர்கள், நாஜிகளால் வேட்டையாடப்பட்ட யூதக் குடும்பங்களைத் தம் வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்து வைத்த வரலாறு உலகப் பிரசித்தம். அவ்வூரையும் அயலூர்களையும் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவாலயம் 1990-இல் ஒருங்கே கௌரவித்தது. அந்தத் தர்மத்தை அதற்கு வெகுகாலம் முன்பே அனுஷ்டித்த பூமி திண்டுக்கல் சீமை.

1772 ஜூன் 25-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆர்க்காட்டு நவாபின் படையாலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாலும் கொல்லப்பட்டபின், அரசி வேலு நாச்சியார் தம் சிறுமகள் வெள்ளச்சியுடனும், பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர் ஆகியோருடனும் வந்து சேர்ந்த இடம், பழனி மலைத்தொடரின் சாரலிலுள்ள விருப்பாட்சிப் பாளையம். பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். திண்டுக்கல் அந்நாளில் ஹைதர் அலியின் ஆதிக்கத்தில் இருந்தமையால் நவாபின் கை அங்கே எளிதில் எட்டவில்லை என்பது மெய்யே. ஆயினும் 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்கும் வரை, ஏறத்தாழ எட்டாண்டுக் காலம், அவரைக் காத்ததில் பாளையக்காரரின் வாக்குறுதிக்குள்ள பங்கு சுற்றுவட்டாரக் குடிகளின் வாய்க்கட்டுப்பாட்டுக்கும் உண்டு என்றே கொள்ளல் வேண்டும்.

நாச்சியார் சென்ற வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்தமைக்காக உடையாள் என்னும் எளிய பெண் வெட்டுண்டு மாண்டாள் என்பது சிவகங்கைச் சீமையின் செவிவழி மரபு. கொல்லங்குடியை அடுத்த வெட்டுடையார் காளி கோயிலில் அவள் நினைவாக நாச்சியார் தம் வைரத் தாலியையே காணிக்கையாக்கினார் என்றும் அம்மரபு கூறும்.

இதை ஒத்த மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1801 மே 24-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கம்பெனிப் படையிடம் வீழ்ந்தபோது நிகழ்ந்ததைப் பகைவர் பக்கத்துப் படையதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். போர்க்களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற ஒரு கிராமத்துத் தாய், குற்றுயிராய்க் கிடந்த அவன் தன்னை விட்டு ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்ட, அவ்வாறே அவரைத் தூக்கிச் சென்று மறைத்தாள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடலைத் துணியால் மூடி, அம்மை கண்டு மாண்டவன் என்று பெண்கள் ஒப்பாரி வைக்க, வந்தவர் அஞ்சி ஓடினர். பெற்ற மகனை இழந்த வேளையில் பிறன் உயிரைக் காத்த அந்தத் தாய்க்கு நிகராக எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் ஒருவரைக் காண்பது அரிது.

பிற்பாடு ஊமைத்துரையும் திண்டுக்கல் சீமையையே நாடி வந்து, அங்கே பிடிபட்டு, அதே ஆண்டு நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியாரை எதிர்த்த கோபால நாயக்கர் அதற்கு முன்னரே, செப்டம்பர் 5-இல், திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டிருந்தார்.