காரணம்: ஒரு கூட்டுக்குடித்தனம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காக்கை பழத்தைத் தள்ளவில்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனால் 'உட்கார' என்ற எச்சத்தைப் பார்த்தால் அது தெரியாது. 'மழை பெய்யக் குளம் நிரம்பியது' என்னும்போது அதே எச்சம் காரணத்தைச் சொல்கிறது. 'குளம் நிரம்ப மழை பெய்தது' என்னும்போது விளைவைச் சொல்கிறது. 'பொழுது சாய வந்தான்' என்றால் இரண்டும் ஒரே வேளையில் நடந்தன, அவ்வளவுதான். காரணம், காரியம், உடனிகழ்ச்சி என்று 'செய' என்னும் எச்சத்துக்கு மூன்று பொருள் வகுத்த இலக்கணக்காரர்கள், எந்த இடத்தில் எது என்று பிரித்தறிவதைக் கேட்பவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கிளப்பிய சிக்கலும் இதுவே. ஒன்றன்பின் ஒன்று வருவதைக் கண் பார்க்கிறது. ஒன்றால் ஒன்று வருவதை அது எங்கே பார்த்தது?

அந்த 'ஆல்' உருபின் சுமையை இன்று பெரும்பாலும் 'காரணம்' என்ற சொல்தான் தூக்குகிறது. காரணம், காரியம் இரண்டும் 'செய்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தவை. செய்விப்பது காரணம், செய்யப்பட வேண்டியது காரியம். காரியம் பிறகு ஊர் சுற்றப் போய்விட்டது. காரியதரிசி, காரியவாதி, 'காரியம் ஆகணும்', இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் என்று அதற்கு எத்தனையோ வேலை. விளைவு என்ற பொருளில் அதைக் காண இப்போது சித்தாந்த நூலைத்தான் திறக்க வேண்டும். பேச்சில் அந்த இடத்தை வயலிலிருந்து வந்த 'விளைவு' பிடித்துக்கொண்டது.

காரணமோ வீட்டை விட்டு நகரவில்லை. குடித்தனக்காரர்களைத்தான் சேர்த்துக்கொண்டே போனது. திருக்குறளிலேயே இரண்டு குடித்தனம் தெரிகிறது. உலகில் இல்லாதவர் பலராக இருப்பது ஏன் என்று சொல்லும் 270ஆம் குறளில், ஒரு நிலையை உண்டாக்கியது எதுவோ அது காரணம். குடித்தவனுக்குப் புத்தி சொல்வதன் வீண்மையைப் பேசும் 929ஆம் குறளில், எடுத்துக்காட்டி விளக்கும் நியாயம் காரணம். நாளிதழ் நடை இன்றும் அப்படியே. மழை காரணமாகக் கரை உடைகிறது. மழை காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். கரையை மழை உடைத்தது. விடுமுறையை விட்டவர் மாவட்ட ஆட்சியர்.

இந்தக் கலப்பைப் பிரித்து வைக்கத் தமிழில் வேறொரு சொல் இருந்தது: ஏது. அதுவும் 'ஹேது' என்ற வடசொல்லின் வழியாக வந்ததுதான். நன்னூல் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்றாக அதை வைத்தது. மணிமேகலை 'ஏது நிகழ்ச்சி' என்று பழவினை பலிக்கும் தருணத்தைச் சொன்னது. அதே நூல் தருக்கம் பேசும் காதையில், புகையைக் கண்டு நெருப்பை அறிய உதவும் சான்றையும் ஏது என்றது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் ஏது அணியைச் சொல்லும்போது இரண்டையும் பெயரிட்டே பிரித்தது. ஒன்றை உண்டாக்குவது காரக ஏது. ஒன்றை அறிவிப்பது ஞாபக ஏது. அங்கே ஞாபகம் என்றால் நினைவன்று, அறியச் செய்வது. தீயால் புகை வருகிறது என்பது காரகம். புகைவதால் அங்கே தீ இருக்கிறது என்பது ஞாபகம். இரண்டு இடத்திலும் 'ஆல்' தான். ஆனால் புகை தீயை மூட்டவில்லை.

பிற்காலத்தில் ஏது மெலிந்து, 'ஏதுவான சூழல்', 'படிக்க ஏதுவாக' என்று வசதியைக் குறிக்கும் அடைமொழியாக ஒதுங்கிவிட்டது. அதோடு காரகமும் ஞாபகமும் புலவர் பாடத்துக்குள் போயின. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை மெல்பர்னில் ஒரு மாலைப்பொழுது காட்டியது.

2016 நவம்பர் 21. வெயில் கொளுத்திய நாள். மாலையில் இடிமழைக்கு முன்னோடும் குளிர்காற்று நகரத்துக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அடுத்த 30 மணி நேரத்தில், வழக்கத்தைவிட 3,365 பேர் கூடுதலாக மூச்சுக்கோளாறோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தனர். 10 பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொல்லாத, கையில் இன்ஹேலர் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லாத பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இடி இடிக்க மூச்சு முட்டியது. இது பனம்பழமா, குளமா? 1987, 1989 நவம்பர்களிலும் மெல்பர்னில் இப்படி நடந்திருந்ததால், ஊர் ஆய்வாளர்கள் முன்பே தேடத் தொடங்கியிருந்தனர். நகரின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மேய்ச்சல் வெளிகளில் வசந்தத்தில் ரை புல் பூக்கிறது. அதன் மகரந்தத் துகள் முழுசாக இருக்கும்வரை பெரியது. மூக்கிலேயே தங்கித் தும்மலை வரவழைக்கும், நுரையீரலுக்குள் இறங்காது. ஈரம் பட்டால் துகள் வெடிக்கிறது. ஒரு துகளுக்குள் சுமார் 700 மாவுமணிகள் உண்டு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அவற்றில் இருக்கிறது. மூச்சுக்குழாயின் ஆழத்துக்குப் போகும் அளவுக்கு அவை பொடியானவை. இதை 1992இல் வெளியிட்டார்கள். புயற்காற்று அந்தப் பொடியைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆக, இது குளம்தான்.

ஆனால் காரணம் எது? புல்லா, ஈரமா, காற்றா, மூச்சுக்குழாயா? இங்கே உதவுபவர் ஒரு சிட்னித் தத்துவ அறிஞர். 1917இல் சிட்னியில் பிறந்து அந்நகரப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜான் மேக்கி, 1965இல் எழுதிய கட்டுரையில் தீப்பிடித்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறார். நம் பத்திரிகைகள் 'மின்கசிவு காரணமாக' என்று எழுதுமே, அதே செய்தி. மின்கசிவு மட்டும் வீட்டை எரிக்காது. பக்கத்தில் பற்றக்கூடிய பொருள் வேண்டும், அணைக்கும் ஏற்பாடு இல்லாதிருக்க வேண்டும். இவை கூடினால் போதும், வீடு எரியும். இந்தக் கூட்டிலிருந்து மின்கசிவை எடுத்துவிட்டால் எரியாது. ஆனால் வீடு எரிய இந்தக் கூட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. கவிழ்ந்த எண்ணெய் அடுப்பும் போதும். நாம் காரணம் என்பது பெரும்பாலும் இப்படித்தான், போதுமான ஒரு கூட்டுக்குள் தனியாகப் போதாத, ஆனால் தவிர்க்க முடியாத உறுப்பு.

அந்தக் கூட்டிலிருந்து ஒன்றை மட்டும் நாம் ஏன் பொறுக்குகிறோம்? மேக்கி இதற்குத் தம் ஆசிரியர் ஜான் ஆண்டர்சனிடம் போகிறார். 1927இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சிட்னியில் முப்பதாண்டுக்கு மேல் தத்துவம் கற்பித்தவர் ஆண்டர்சன். எந்தக் காரணமும் ஒரு களத்துக்குள்தான் காரணம் என்பது அவர் கருத்து. களத்தில் எப்போதும் இருப்பது பின்புலம். அதற்குள் வேறுபாட்டை உண்டாக்குவது காரணம். மெல்பர்னுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். நவம்பர் மாதம் முழுவதும் களம் என்றால், மகரந்தம் பின்புலம், அன்றைய புயல் காரணம். புயலில் நின்ற மக்கள் களம் என்றால், புயல் எல்லாருக்கும் பொது. ஒருவர் மூச்சு முட்டியதற்கும் பக்கத்தில் நின்றவர் நலமாக வீடு போனதற்கும் காரணம் புல் ஒவ்வாமை. கேள்வி மாறக் காரணமும் மாறுகிறது. இரண்டு விடையும் உண்மை.

அன்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்களின் பங்கு முந்தைய ஆண்டுகளில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வு கண்டது. நம்மவர் காதில் இது 'நம் உடம்பு இந்த ஊருக்கு ஒத்துவராது' என்று விழுகிறது. தண்டியாசிரியரின் பாகுபாடு தேவைப்படும் இடம் இதுதான். பிறந்த நாடு மூச்சுக்குழாயைச் சுருக்காது. யாருக்கு ஆபத்து மிகுதி என்று அறிவிக்கும் ஞாபக ஏது அது. சுருக்கிய காரக ஏதுவை அதன் பின்னால் தேட வேண்டும்.

ஞாபக ஏதுவை ஏளனம் செய்யவும் கூடாது. சிட்னிக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரை கொண்ட 78 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி, அவர்களில் 68 பேரின் தாய்மார் கர்ப்பத்தில் ரூபெல்லா என்னும் அம்மை கண்டவர்கள் என்று 1941 அக்டோபரில் மெல்பர்னில் நடந்த கண் மருத்துவர் கூட்டத்தில் அறிவித்தார். அம்மை வர, கண் மறைந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் சிலர் இதைப் பனம்பழம் என்றே நினைத்தார்கள். ரூபெல்லா வைரஸைப் பிரித்தெடுத்தது 1962இல்தான். அதற்கு இருபது ஆண்டு முன்பே, கர்ப்பிணிகளைத் தொற்றிலிருந்து தள்ளி வைக்க அறிவிக்கும் ஏது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வெளியாகிறது. மகரந்த அளவையும் காற்றின் போக்கையும் சேர்த்துப் பார்த்து அன்றைய ஆபத்தைச் சொல்கிறார்கள். இதற்கும் தமிழில் பழைய சொல் உண்டு: நிமித்தம். நிமித்தம் என்றால் சகுனம். நிமித்திகன் வரப்போவதைச் சொல்பவன். சைவ சித்தாந்தம் அதே சொல்லைக் காரணத்துக்கு ஆக்கியது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அறிகுறியும் ஆக்கியவனும் அங்கே ஒரே பெயரில் சந்தித்தார்கள். இன்று 'வேலை நிமித்தமாக மெல்பர்ன் வந்தோம்' என்று சொல்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் நிமித்தம் எளியது: வசந்தத்தில் தும்மலும் கண்ணரிப்பும் வந்தால், ஆஸ்துமா இல்லையென்று இருந்துவிடாதீர்கள். காரணம் கேட்பவர் களத்தையும் சொல்லிவிட்டு, வேண்டுவது காரகமா ஞாபகமா என்றும் சொன்னால், பாதிச் சண்டை அங்கேயே தீரும். மீதிப் பாதிக்கு ஹியூம் இருக்கிறார்.